அக்காவுக்கு ஒரு சத்தமில்லாத காடு

கனடாவில் கோடை முடிந்து இலையுதிர்காலம் தொடங்கும் செப்ரெம்பர் மாதத்தில், காட்டுக்குள் கூடாரம் அடித்து இரண்டு மூன்று நாட்கள் தங்கிவருவது இந்நாட்டு மக்களுக்கு மிகவும் விருப்பமான பொழுதுபோக்கு. சொந்த வீடும் கட்டிலும் மெத்தையும் இருக்க, காசு கட்டி, துணிக்கூடாரத்தில் படுத்து, விறகு மூட்டிச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். இதை வாசிக்கும் சகோதரிகள் சிலருக்குச் சிரிப்பு வரலாம். சிலருக்குக் கோபமும் வரலாம். "காசு குடுத்து அகதியாப் போறதோ?" என்று இங்குள்ள எங்கள் உறவுகளுக்குள் ஒரு பகிடியே உண்டு.

2023 ஆம் ஆண்டு கோடையில் என் பெறாமகள் தொலைபேசியில் அழைத்து, "சித்தி, அம்மாவையும் கூட்டிக்கொண்டு காம்பிங் போகப் போறம். நீங்கள்தான் இடம் பாத்துத் தர வேணும்" என்றபோது எனக்கு உடனே பதில் வரவில்லை. அம்மா என்று அவள் சொன்னது என் அக்காவை.

அக்கா கிளிநொச்சியில் வாழ்ந்தவர். 2008 இன் பிற்பகுதியில் வீட்டை விட்டு வெளிக்கிட்டு, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று தறப்பாளையும் தடிகளையும் சுமந்து சுமந்து, கடைசியில் மாத்தளன் மணலில் போய் நின்றவர். அத்தான் அங்கிருந்து திரும்பி வரவில்லை. பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாம். 2016 இல் மகளின் பொறுப்பில் கனடாவுக்கு வந்தார். கூடாரத்தில் படுப்பதைப் பற்றி அவருக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அவரைத் திரும்பவும் ஒரு கூடாரத்துக்குள் படுக்கவைப்பதா என்பதுதான் எங்கள் எல்லோருக்கும் இருந்த கேள்வி.

கேட்டவன் பேரன். வயது ஒன்பது. வகுப்பில் பாதிப்பேர் காம்பிங் போய்வந்த கதை சொல்கிறார்கள், தானும் போகவேண்டும், அம்மம்மாவும் வரவேண்டும் என்று நின்றான். அக்கா மறுத்துவிடுவார் என்று எல்லோரும் நினைத்திருக்க, அவர் மகளிடம் ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "நான் வாறன். ஆனா சத்தம் இல்லாத இடமாப் பார்."

நான் வேலைத்தலத்துத் தோழிகளோடு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கூடாரம் அடித்துப் பழகியவள். அதனால் பொறுப்பு என் தலையில் வந்தது.

இலையுதிர்காலத் தொடக்கத்தை நாங்கள் விரும்பியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. பெறாமகளின் குடும்பம் ரொறன்ரோவில் பார்க்டேல் என்ற பகுதியில், ஏரிக்கு அண்மையில் ஓர் அடுக்குமாடியில் இருக்கிறது. பக்கத்திலேதான் பெரிய கண்காட்சி மைதானம். செப்ரெம்பர் முதல் திங்கட்கிழமை இங்கு தொழிலாளர் தினம். அந்த நீண்ட வாரவிடுமுறையில், சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாட்களும் ஏரிக்கு மேலே விமானக் கண்காட்சி நடக்கும். போர் விமானங்கள் தாழப் பறந்து, சுழன்று, மேலெழும். ஒத்திகை அதற்கு முன்னரே தொடங்கிவிடும். ஆயிரக்கணக்கான மக்கள் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிவைத்து அண்ணாந்து பார்ப்பார்கள். கிபிர் விமானத்தின் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்பதை இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அக்கா வந்த முதல் ஆண்டு குளியலறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தார். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் அந்த நாட்களில் ஸ்காபுறோவில் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுவேன். 2020 இல் கொரோனாவால் கண்காட்சி நடக்கவில்லை; அந்த ஓர் ஆண்டு மட்டும் அவர் தன் வீட்டிலேயே இருந்தார்.

அப்படியானால் அந்த நீண்ட விடுமுறையிலேயே காட்டுக்குப் போகலாமே என்று மருமகன் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் பூங்காக்கள் நிரம்பி வழியும் நாட்களில் அதுவும் ஒன்று. விமானத்துக்குத் தப்பி, பக்கத்துக் கூடாரத்தின் கும்மாளத்துக்குள் போய் விழுவதில் பயனில்லை. ஆகவே அந்த மூன்று நாளும் வழமைபோல் எங்கள் வீட்டில், அடுத்த வாரம் காட்டில் என்று முடிவு செய்தோம்.

இடம் தேடத் தொடங்குமுன் அக்காவோடு ஒரு பின்னேரம் இருந்து கதைத்தேன். "சத்தம் இல்லாத இடம்" என்றால் என்ன? எனக்கு அமைதியாகத் தெரிவது அவருக்கு அமைதியாக இருக்கவேண்டும் என்றில்லை. பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் நடுவே கோடு போட்டு இரண்டு பக்கமாக எழுதினோம்.

ஆகாத சத்தங்கள் எவை என்று எனக்கு ஓரளவு தெரியும். வெடி, விமானம், ஹெலிகொப்ரர், படீரென்று அடிபடும் கதவு. தெரியாத ஒன்றையும் அவர் சொன்னார். தூரத்தில் விட்டுவிடாமல் இரையும் இயந்திரச் சத்தம். வன்னியில் ஆளில்லா வேவு விமானத்தை 'வண்டு' என்பார்கள். அது தலைக்கு மேலே சுற்றிச் சுற்றி இரைந்தால் பின்னால் என்ன வரும் என்று சனத்துக்குத் தெரியும். அந்த ஒலிக்குக் கிட்டிய எதுவானாலும், புல்லு வெட்டும் இயந்திரமானாலும், அவருக்கு நெஞ்சு அடைக்கிறதாம். ஏழு ஆண்டுகள் ஒரே நகரத்தில் இருந்தும் இதை நான் அன்றுதான் கேட்டேன்.

மறுபக்கத்தில் அவர் எழுதச் சொன்னவை: மழை, காற்று, தவளை, பறவை, பிள்ளைகள் விளையாடும் சத்தம். பிறகு கொஞ்சம் யோசித்து, "பக்கத்தில ஆக்கள் மெல்லமாக் கதைக்கிறதும் கேக்க வேணும்" என்றார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "ஒரு சத்தமும் இல்லாட்டி எனக்குப் பயம். செல் விழத் தொடங்க முதல் அப்பிடித்தான் எல்லாம் அடங்கிப் போய் இருக்கும்" என்றார். வள்ளம் வலித்துப் போய் ஆள் நடமாட்டமே இல்லாத உட்காட்டு ஏரிக்கரையில் தங்கும் இடங்களும் இங்கு உண்டு. அமைதி என்றால் அதுதான் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த வகை முழுவதையும் அந்த ஒரு வார்த்தையோடு விட்டுவிட்டேன்.

எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் 340 க்கு மேற்பட்ட மாகாணப் பூங்காக்கள் இருக்கின்றன. பூங்கா என்றதும் பூச்செடியும் வாங்குமாக நினைக்க வேண்டாம். இவை பெருங்காடுகள், ஏரிகளும் கற்பாறைகளும் கரடியும் மானும் உள்ளவை. கூடாரம் அடிக்க இலக்கமிட்ட இடங்கள் ஒதுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு மேசை, நெருப்பு மூட்ட ஓர் இரும்பு வளையம் வைத்திருப்பார்கள். ஓர் இரவுக்கு ஏறக்குறைய ஐம்பது டொலர் கட்டவேண்டும்.

கிட்ட உள்ளதில் இருந்து தொடங்கினேன். டார்லிங்ரன் பூங்கா ஸ்காபுறோவிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள். ஆனால் 401 இலக்க நெடுஞ்சாலை அதன் பக்கத்தால் இரவு பகலாக ஓடுகிறது. புகைவண்டிப் பாதையும் உண்டு. மேற்கே புறொன்ரி கிறீக்கும் அப்படித்தான், இன்னொரு நெடுஞ்சாலையின் அருகில். இரண்டையும் வெட்டினேன்.

சாண்ட்பாங்ஸ் மிக அழகான இடம். நன்னீர் ஏரிக்கரையில் உருவான பெரிய மணற்குன்றுகள். கோடைக் கூட்டம் செப்ரெம்பரில் குறைந்துவிடும். படத்தைக் காட்டியதும் அக்கா, "கரை மணல் வேண்டாம்" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

பிறெஸ்கீல் என்று ஒரு பூங்கா, ஒன்ராறியோ ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலம். செப்ரெம்பரில் மொனார்க் என்ற செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் மெக்சிக்கோவுக்குப் புறப்படுமுன் அங்கே வந்து கூடும். இரண்டு தரம் போயிருக்கிறேன். என் மனம் அங்கேதான் நின்றது. ஆனால் இலையுதிர்காலத்தில் அதன் தீவுப் பக்கங்களில் குறிப்பிட்ட நாட்களில் வாத்து வேட்டைக்கு அனுமதி உண்டு. வேட்டையென்றால் துவக்கு. தண்ணீருக்கு மேலால் வெடிச்சத்தம் நெடுந்தூரம் வரும். இந்தப் பருவத்தில் அமைதி தேடுபவர்கள் பலர் பார்க்கத் தவறுவது இதைத்தான்: நீர்ப்பறவை வேட்டை செப்ரெம்பரில் தொடங்குகிறது. மான் வேட்டை அதற்குப் பிறகு, பெரும்பாலும் நவம்பரில். இலையின் நிறம் பார்க்கப் போகிறவர்கள் வேட்டை நாட்காட்டியையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

அல்கொங்குயின் எல்லோருக்கும் தெரிந்த பெயர். 1893 இல் அமைந்தது. 7,600 சதுர கிலோமீற்றருக்கு மேல் பரப்பு. செப்ரெம்பர் கடைசியில் அதன் மேப்பிள் மரங்கள் சிவந்து நிற்பதைப் பார்க்க உலகமே வருகிறது. அதுதான் பிரச்சினையும். 60 ஆம் இலக்க நெடுஞ்சாலை பூங்காவுக்குள்ளால் 56 கிலோமீற்றர் ஓடுகிறது. காரில் போகக்கூடிய கூடார இடங்களில் பெரும்பாலானவை அந்த வீதியை அண்டியே இருக்கின்றன. வானொலி முதலிய ஒலிக் கருவிகளுக்குத் தடையுள்ள தனிப்பகுதிகளும் அங்கே உண்டு. முதல்முறை போகிறவர்களுக்கு நான் அவற்றைத்தான் சொல்வேன். கிழக்குப் பக்கம் கூட்டம் குறைவு. ஆனால் அந்தப் பக்கத்தில் பெற்றாவாவா இராணுவப் பயிற்சி நிலம் இருக்கிறது. வரைபடத்தில் அதைக் கண்டதும் மேலே பார்க்கவில்லை.

வடக்கே கில்லார்னி, வெள்ளைக் கற்குன்றுகள் உள்ள இடம். நான்கு ஐந்து மணித்தியால ஓட்டம். நடுச்சாமத்தில் அக்கா "வீட்டை போவம்" என்றால் விடியுமுன் வீடு போய்ச்சேர வேண்டும் என்று எனக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். கில்லார்னி அந்தக் கணக்குக்குள் வரவில்லை.

கடைசியில் நின்றது சைலன்ற் லேக், மௌன ஏரி. பெயரைப் பார்த்து எடுக்கவில்லை. பெயரை நம்பி இந்த நாட்டில் எதையும் எடுக்கக்கூடாது. பீற்றர்பரோ நகரத்தைத் தாண்டி 28 ஆம் இலக்க வீதியால் பான்குறொவ்ற் பக்கமாகப் போகவேண்டும். ஸ்காபுறோவிலிருந்து இரண்டரை மணித்தியாலம் அளவில். அந்த ஏரியில் இயந்திரப் படகுக்கு அனுமதி இல்லை. துடுப்பு வலிக்கும் வள்ளங்கள் மட்டும்தான். 'வண்டு' இரையாத ஏரி. மாகாணப் பூங்காக்களில் வாணவெடி எப்போதும் தடை, அனுமதியில்லாமல் ட்ரோன் பறக்கவிடுவதும் தடை, இரவானாலும் பகலானாலும் அளவுக்கு மீறிச் சத்தம் போட்டால் தண்டம் என்பவற்றையும் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். இப்படியும் ஒரு சட்டம் இருக்கிறதா என்று இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னார்.

நாளைத் தெரிவது இடத்தைத் தெரிவதைவிடக் கடினமாக இருந்தது. வாரநாட்களில்தான் பூங்கா உண்மையில் அடங்கியிருக்கும்; பேரனுக்கோ பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது. பெறாமகள் ஆசிரியைக்குக் கடிதம் கொடுத்து, திங்கள் செவ்வாய் இரண்டு நாள் விடுப்பு எடுத்தாள். ஞாயிறு மதியம் எல்லோரும் கூடாரத்தைக் கழற்றிக்கொண்டு வீடு திரும்பும் நேரத்தில் நாங்கள் உள்ளே போவது என்று திட்டம். பள்ளிப் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

செப்ரெம்பரின் நன்மை, நுளம்பு ஏறக்குறைய இல்லாமற் போய்விடும். தீமை, இரவு நீளம். யூன் மாதத்தில் ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். செப்ரெம்பர் நடுப்பகுதியில் ஏழரைக்கே சூரியன் மறைந்துவிடுகிறது. நித்திரை வராதவர்களுக்கு இது சின்ன விடயமல்ல. அதற்காகவே பற்றரியில் எரியும் இரண்டு லாந்தர்கள் வாங்கினோம். ஒன்று விடியவிடிய எரியட்டும் என்று. குளிரும் பத்துப் பாகைக்குக் கீழே இறங்கும். தடித்த படுக்கைப் பை, அடியில் பஞ்சு விரிப்பு, கம்பளித் தொப்பி, சுடுதண்ணீர்ப் பை.

பதிவு செய்யும் இணையத்தளத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் படம் போட்டிருப்பார்கள். மறைப்பு எப்படி, நிழல் எப்படி என்றும் குறித்திருக்கும். நான் மறைப்பு நல்லதென்று இருந்த மூன்று இடங்களைத் தெரிந்து அக்காவுக்குக் காட்டினேன். அவர் மரத்தையும் பார்க்கவில்லை, ஏரியையும் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்தார். "இது பள்ளம். மழை வந்தா தண்ணி இதுக்குள்ளதான் வந்து நிக்கும். இதுக்குப் பின்னால மேடு, அந்தத் தண்ணியும் இஞ்சைதான் வரும்." 2008 நவம்பரில் 'நிஷா' புயல் வன்னியைப் புரட்டியபோது தறப்பாளுக்குள் முழங்கால் வெள்ளத்தில் இரவு முழுக்க நின்றவர் அவர். அங்கே கொட்டிலைச் சுற்றி வாய்க்கால் வெட்டலாம்; இங்கே நிலத்தைக் கிண்டக்கூடாது. ஆகவே மூன்றாவது இடம், கொஞ்சம் மேடானது, எடுத்தோம். அன்று எங்களுக்குள் காம்பிங் தெரிந்த ஆள் நானல்ல.

கழிவறை விடயத்தில் அவரிடம் கேட்காமலே எனக்கு விளங்கியது. இரவில் கழிவறைக்குப் போகப் பயந்து பின்னேரத்துக்குப் பிறகு தண்ணீரே குடிக்காமல் இருந்த பெண்கள் எத்தனைபேர்! மெனிக் பாமில் வரிசையில் நின்ற கதையை எல்லாம் சொல்லும் அக்கா, இருட்டில் போன கதையை மட்டும் சொல்வதில்லை. விளக்கு உள்ள, கதவைப் பூட்டக்கூடிய கழிவறைக் கட்டடம் கண்பார்வைக்குள் இருக்கவேண்டும். ஆனால் அதன் கதவு அடிபடும் சத்தம் கூடாரத்துக்குள் கேட்கக்கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு தூரம். நாங்கள் எடுத்த இடத்திலிருந்து அறுபது எழுபது அடி.

கூடாரத்துக்கு மேலே மழைக்குக் கட்ட ஒரு தறப்பாள் தேவை. இங்கே மலிவாகக் கிடைப்பது நீலம். அக்கா கடையில் அதைத் தொடாமல் தள்ளி நின்றார். மண்ணிறத்தில் ஒன்று எட்டு டொலர் கூட; அதை வாங்கினோம். பிறகு எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு சனிக்கிழமை கூடாரத்தை அடித்துப் பார்த்தோம். நிமிர்ந்து நிற்கக்கூடிய உயரம், இரண்டு வாசல், நாலு பக்கமும் வலை யன்னல். அக்கா உள்ளே போய் ஒரு நிமிடம் இருந்தார், வெளியே வந்தார். தேநீரை எடுத்துக்கொண்டு திரும்பப் போனார். பேரனும் சீட்டுக் கட்டோடு உள்ளே போனான். அந்தப் பூங்காவில் கட்டிலும் வெப்பமூட்டியும் உள்ள வட்டக் குடில்களும் உண்டு. அம்மாவுக்கு ஒன்றை எடுப்போமா என்று பெறாமகள் கேட்டாள். "பேரன் படுக்கிற இடத்திலதான் நான்" என்று அக்கா முடித்துவிட்டார்.

இன்னுமோர் ஆயத்தமும் செய்தோம். அந்த ஏரிகளில் லூன் என்று ஒரு நீர்ப்பறவை இருக்கிறது. 1987 முதல் கனடாவின் ஒரு டொலர்க் குற்றியில் இருப்பது அதுதான். இரவில் அது கூப்பிடும் குரல், தூரத்தில் ஒரு பெண் ஒப்பாரி வைப்பது போல இருக்கும். தெரியாமல் கேட்டால் எவருக்கும் உடம்பு சிலிர்க்கும். ஆகவே அந்த ஒலியைக் கைத்தொலைபேசியில் எடுத்து, பகலில், சமையலறையில் வைத்து அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். பேரன் அதைப் பழகி வீடு முழுக்க ஊளையிட்டுக்கொண்டு திரிந்தான். சத்தம் பெரிதா சிறிதா என்பதைவிட எதிர்பார்த்ததா எதிர்பாராததா என்பதுதான் அக்காவுக்கு முக்கியம் என்று கண்டிருக்கிறேன். ஊரில் கோயில் திருவிழாவுக்கு இப்படியான ஒருவரைக் கூட்டிப்போகும் சகோதரிகள், வெடி எப்போது கொளுத்துவார்கள் என்று முதலே விசாரித்துச் சொல்லிவைத்தால் பெரிய உதவியாயிருக்கும்.

செப்ரெம்பர் 10 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை போனோம். நினைத்தபடியே வாகனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தன. இரண்டு இடம் தள்ளி ஒரு வயதான தம்பதி. வேறு யாரும் கிட்ட இல்லை. அக்கா இறங்கியதும் காரின் முகம் வெளியே பார்க்க நிற்பாட்டச் சொன்னார். மருமகன் ஒன்றும் கேட்காமல் திருப்பி நிறுத்தினார். விறகு வாசலில் வாங்கினோம். மரத்தை அரிக்கும் பூச்சி பரவும் என்பதால் வெளியிடத்து விறகு கொண்டுபோகக்கூடாது. சாப்பாட்டுச் சாமான் எல்லாம் இரவில் கார்ப் பெட்டிக்குள் பூட்டவேண்டும், கரடி வரும் என்றதற்கு அக்கா சிரித்தார். வன்னியில் கரடியும் கண்டவர், யானையும் கண்டவர். ரொட்டி சுட்டு, சம்பல் இடித்துக்கொண்டு போயிருந்தோம். ஈர விறகை நாங்கள் ஊதி ஊதிக் களைத்தபின் அக்கா வந்து இரண்டு சிராய் மாற்றி வைத்தார், பற்றிக்கொண்டது.

இரவு பத்து மணியளவில் லூன் கூப்பிட்டது. பேரன் துடித்து எழுந்து உட்கார்ந்தான். "அது லூன் பிள்ளை, நீ கத்தினது மாதிரியே கத்துது" என்று அக்கா இருட்டுக்குள் சொன்னார்.

ஆனால் அவர் நித்திரை கொள்ளவில்லை. ஒரு மணிக்கு எழும்பி வெளியே கதிரையில் போய் இருந்தார். நானும் போர்வையை எடுத்துக்கொண்டு போனேன். தணலைக் கிளறிக்கொண்டு மெனிக் பாமில் தன் கூடாரத்து வாசலில் மூன்று மிளகாய்க் கன்றும் ஒரு பூசணிக் கொடியும் வைத்திருந்ததைச் சொன்னார். குளிக்கிற தண்ணீரை ஏந்தி ஊற்றியிருக்கிறார். பூசணி காய்க்கத் தொடங்கிய கிழமைதான் வெளியே விட்டார்களாம். "ஆர் பிடுங்கினதோ தெரியேல்லை" என்றார். கூடாரத்துக்குள் பெறாமகள் விழித்திருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. தாய் முகாமைப் பற்றிப் பேசி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் ஒன்று நடந்தது. தேநீருக்கு வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. அணில் ஒன்று ஊசியிலை மரத்து உச்சியிலிருந்து காய்களை அறுத்து அறுத்து விழுத்தியது. ஒன்று இறுக்கிக் கட்டியிருந்த தறப்பாளில் வந்து 'டொம்' என்று விழுந்தது. அடுத்த கணம் அக்கா நிலத்தில் குப்புறக் கிடந்தார், இரண்டு கையும் தலைக்கு மேலே. இவ்வளவு தேடி, இவ்வளவு வெட்டிக் கழித்து வந்த இடம். நான் அசையாமல் நின்றேன். பெறாமகள் அழத் தொடங்கிவிட்டாள்.

பேரன்தான் கிட்டப் போய் உட்கார்ந்தான். "அம்மம்மா, என்ன செய்யுறீங்கள்?" என்றான். அக்கா கொஞ்ச நேரத்தில் எழும்பி இருந்து, முகத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "செல் எண்டு நினைச்சுப் போட்டன். அப்ப நாங்கள் இப்பிடித்தான் படுப்பம்." "ஏன் கையைத் தலையில வைச்சீங்கள்?" "தலையில படாமல் இருக்க." அவன் யோசித்தான். செல் என்றால் என்ன என்று கேட்டான். அவர் சொன்னார். எங்கள் வீட்டில் ஏழு ஆண்டுகளாக அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லாதிருந்ததை, பயமுறுத்தாமல், கூட்டாமல் குறைக்காமல், நாலைந்து வசனத்தில் சொன்னார். பிறகு இருவருமாகப் போய் விழுந்த காய்களைப் பொறுக்கினார்கள். மருமகன் தறப்பாளை மரத்துக்குக் கீழிருந்து அவிழ்த்து வேறு பக்கம் கட்டினார்.

அன்று பகல் ஏரியைச் சுற்றி ஒரு சிறு பாதையில் நடந்தோம். இலைகள் முழுதாக நிறம் மாறியிருக்கவில்லை. தண்ணீர் ஓரத்துச் சில மேப்பிள் கிளைகள் மட்டும் சிவந்திருந்தன. முழு நிறமும் பார்க்க விரும்புகிறவர்கள் இன்னும் இரண்டு மூன்று கிழமை பொறுத்துப் போகவேண்டும். அப்போது கூட்டமும் வரும், குளிரும் வரும். எங்களுக்கு அது போதும்.

இரண்டாம் இரவு மழை. நல்ல மழை. ஆறு மணித்தியாலம் விடாமல் பெய்தது. எங்களது மேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரும் நிற்கவில்லை. நான் முதலில் தெரிந்த அந்தப் பள்ளத்து இடத்தைக் காலையில் போய்ப் பார்த்தேன், குளமாக இருந்தது. அக்கா அந்த மழைக்குள் ஐந்து மணித்தியாலம் தொடர்ந்து படுத்தார் என்று பெறாமகள் நேரம் பார்த்து வைத்திருந்தாள்.

இந்தப் பூங்காக்களில் இடம் பதிய, போகும் நாளுக்குச் சரியாக ஐந்து மாதம் முன்னர், காலை ஏழு மணிக்குப் பதிவு திறக்கும். நல்ல இடங்கள் சில நிமிடங்களில் போய்விடும். 2024 ஏப்ரலில் அந்த நாளை எனக்கு நினைவூட்டியவர் அக்கா. ஆறே முக்காலுக்கே தொலைபேசி எடுத்தார். எங்கள் பழைய இலக்கம் வேறு யாருக்கோ போய்விட்டது. மூன்று இடம் தள்ளி, அதைவிட மேடான ஒன்று கிடைத்தது. படத்தை அனுப்பினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "நிலம் நல்லம். மேல மரம் இல்லை, அதுவும் நல்லம். ஆனா கக்கூசுக்குக் கொஞ்சம் நடக்க வேணும், டோர்ச் லைற்றுக்குப் பற்றரி வாங்கி வை" என்றார்.